என் வயிற்றுக்குப் பூக்கட்டிப் பார்த்தார்கள்

எழுபதுகளின் நடுவில், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு வைகாசி மாதம் இது நடந்தது. அப்போது நாங்கள் தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்புறம் ஒரு தெருவில் குடியிருந்தோம். எனக்கு இருபத்தாறு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. கல்யாணம் ஆகவில்லை. நான் குண்டு. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை என்னைப் பற்றிப் பேச இந்தக் கடைசி இரண்டு விஷயங்கள்தான் இருந்தன. வேலையைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

வெளியாட்களிடம் அம்மா என்னைப் "பூசினாப்ல இருப்பா" என்பாள். பூசினாப்லயும் இல்லை, மெழுகினாப்லயும் இல்லை. நல்ல குண்டு. பஸ்ஸில் நான் உட்கார்ந்த சீட்டில் பாக்கி இடம் இருந்தாலும் நின்றுகொண்டே வருகிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு நடந்தே போவேன், நடந்தே வருவேன். மாடிப்படி ஏறி, காதில் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தால், மூச்சு வாங்காமல் "நம்பர் ப்ளீஸ்" சொல்லுவேன். டிரங்க் கால் கேட்டு மணிக்கணக்காகக் காத்திருப்பவர்கள்கூட என் குரலுக்கு மரியாதை கொடுப்பார்கள். அதே ஆட்கள் தெருவில் பார்த்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா இளவயதில் மதராசுக்கு வந்து ஒரு ஜவுளிக்கடை வைத்தார். நான் சொல்லும் காலத்தில் கடையை அண்ணன்தான் பார்த்துக்கொண்டான். வியாபாரத்தில் கெட்டிக்காரன். புதிதாக வேலைக்கு வருகிற ஆட்களுக்கு அவன் முதலில் சொல்லித் தருவது ஒரே பாடம்தான். புடவையை விரித்துப் போட்டுவிட்டு "வேணுமாம்மா?" என்று ஒருநாளும் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் "வேண்டாம்" என்று சொல்ல வாய் வந்துவிடும். "பச்சையை எடுத்துக்கிடுதீங்களா, அரக்கை எடுத்துக்கிடுதீங்களா?" என்று கேட்க வேண்டும். வந்த அம்மாள் இரண்டையும் மாற்றி மாற்றித் தோளில் போட்டுப் பார்ப்பாள், கூட வந்தவளிடம் அபிப்பிராயம் கேட்பாள், கடைசியில் ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு போவாள். புடவை வாங்கவே வரவில்லை, சும்மா பார்க்கத்தான் வந்தோம் என்பது அவளுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் ஞாபகம் வரும். அண்ணன் இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சிரிப்பான். நாங்களும் சிரிப்போம்.

அந்த வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வரிசையாகக் கையை விரித்தார்கள். மூக்கும் முழியும் லட்சணமாம், வேலைக்குப் போகிற பெண்ணாம், குடும்பமும் தெரிந்த குடும்பமாம். உடம்புதான் கொஞ்சம் என்று இழுப்பார்கள். அந்த "கொஞ்சம்" எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. வந்தவர்கள் பலகாரத்தை வெளுத்துக் கட்டுவார்கள். அவர்கள் எதிரில் நான் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. தன் வயிற்றைச் சட்டைப் பொத்தானுக்குள் அடக்க முடியாமல் உட்கார்ந்திருந்த ஒரு மாப்பிள்ளை, பெண் இவ்வளவு பருமனாக இருப்பாள் என்று தரகர் சொல்லவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். அதைக் கேட்டு என் வீட்டார் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் காப்பி டம்ளரை எடுக்கிற சாக்கில் உள்ளே போனவள் திரும்பி வரவில்லை.

கடைசியாக வந்த மதுரை இடம் மட்டும் வேறு மாதிரி பேசியது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, எடையைக் குறைத்தால் மேற்கொண்டு பேசலாம், ஆவணி வரை காத்திருக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொள்ளுக் கஞ்சி வந்தது. விடிந்ததும் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் வந்தன. நானும் மெரினாவில் நடந்தேன். எடை இறங்கினாற்போல் இறங்கி மறுபடியும் ஏறிக்கொண்டது.

அப்போதுதான் அண்ணன் ஒரு நாள் கடையிலிருந்து வந்ததும் வராததுமாக, "அம்மா, ஆபரேஷன் பண்ணி எளைக்க வைக்காவளாம்!" என்றான். வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பிய ஒரு டாக்டர், தன் மனைவிக்குப் பட்டுப்புடவை எடுக்கக் கடைக்கு வந்திருக்கிறார். பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அடையாறில் சாயங்கால வேளைகளில் நோயாளிகளைப் பார்க்கிறாராம். அடுத்த வாரமே அண்ணன் தன் காரில் அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

டாக்டர் நன்றாகப் பேசினார். குறை சொல்ல முடியாது. என்னை எடை மெஷினில் ஏற்றினார், ரத்த அழுத்தம் பார்த்தார், சர்க்கரைக்குச் சோதித்த காகிதத்தைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு நாற்காலியை அண்ணன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, வெள்ளைத்தாளில் படம் போட ஆரம்பித்தார்.

"ரெண்டு மெத்தட் இருக்கு சார். ஒண்ணு, குடல்ல பெரும்பகுதியை ஒதுக்கிட்டு, மேல் நுனியையும் கடைசி நுனியையும் சேர்த்துடறது. எவ்வளவு வேணா சாப்பிடலாம், உடம்புல ஒட்டாது. இன்னொண்ணு, இரைப்பையையே சின்னதாக்கித் தச்சிடறது. ரெண்டு கரண்டி சாப்பிட்டா வயிறு ரொம்பிடும். ரெண்டுலயும் எடை குறையும்."

"டாக்டர், எனக்கு என்ன வியாதி?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். பருமனே ஒரு வியாதிதான், இன்றைக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் பின்னால் எல்லாம் வரும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பின்னால் வரலாம். ஆனால் அதைக்கூட என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, அண்ணனைப் பார்த்துச் சொன்னார். எழுந்திருக்கும்போது, "எதுன்னு வீட்ல பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க சார்" என்று அண்ணனிடம் அந்தத் தாளை மடித்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நடந்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சாப்பாட்டு மேஜையில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு பேசினார்கள். அண்ணன் குடல் கட்சி. காரணம் கேட்டால் நீங்களே தலையில் அடித்துக்கொள்வீர்கள். குடல் ஆபரேஷன் செய்துகொண்டால் மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து எல்லாரையும்போல் சாப்பிடலாம், ஒருவருக்கும் சந்தேகம் வராது. இரைப்பையைத் தைத்துவிட்டால் இரண்டு கவளத்தில் இலையை மூடிவிடுவேன், புதுப்பெண்ணுக்கு என்ன கோளாறு என்று கேள்வி வரும். அம்மா இரைப்பைக் கட்சி. குறைவாகச் சாப்பிடுகிற மருமகள் என்றால் எந்த மாமியாருக்குத்தான் பிடிக்காது என்பது அவள் வாதம்.

"கொறைச்சு சாப்புட்டா அடக்கமான பொண்ணும்பாவ. இவன் சொல்லுத மாதிரி தின்னுக்கிட்டே எளைச்சா, என்னமோ சீக்குன்னுல்லா நெனைப்பாவ?" என்றாள் அம்மா.

"சீக்கா இருந்தா வெளிய தெரியப் போவுதா? தழும்பு எதுல கம்மின்னு டாக்டர்ட்ட கேக்கணும். சேலை கட்டுனா மறையுத எடத்துல வெட்டுவாரான்னும் கேக்கணும்" என்றான் அண்ணன்.

அப்பா இரண்டு பக்கமும் தலையாட்டினார். நல்ல மனுஷர்தான், வீட்டில் சத்தம் வந்தால் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிற ரகம்.

இவ்வளவு பேச்சுக்கும் நான் அந்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன். வெட்டப் போவது என் வயிறு. மயக்க மருந்து எனக்கு. கண் விழிக்காமல் போனால் போகப்போவது என் உயிர். எனக்கு வலிக்குமா, பின்னால் என் உடம்பு என்ன ஆகும், எத்தனை வருஷம் கழித்து என்ன வரும் என்று ஒருவர் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தைத் தட்டைத் தூக்கி வைப்பதில் காட்டினேன், கதவைச் சாத்துவதில் காட்டினேன். அதற்கும் "ஆபரேஷன் பயம், பாவம்" என்று பேர் வைத்துவிட்டார்கள்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில நாள் போனதும் நானும் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். எக்ஸ்சேஞ்சில் கை தன்பாட்டுக்கு இணைப்பு கொடுத்துக்கொண்டிருக்கும், மனசு மட்டும் குடலா, இரைப்பையா என்று கேட்டுக்கொண்டிருக்கும். சாப்பிட்டாவது இளைக்கலாமே, குடலே தேவலை என்று ஒரு நாள் தோன்றும். குடலை வெட்டி ஒட்டுவதைவிட இரைப்பையைத் தைப்பது மேல் என்று மறுநாள் தோன்றும். பச்சையா அரக்கா என்று தோளில் போட்டுப் பார்க்கிற அம்மாள் மாதிரி நானும் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது முறை அடையாறுக்குப் போனபோது டாக்டர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். குடல் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு அம்மாளையும் அவள் கணவரையும் வரவழைத்திருந்தார். மயிலாப்பூர்க்காரர்கள். அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த போட்டோவை டாக்டர் காட்டினார். அதில் என்னைவிட இரண்டு மடங்கு இருந்தாள். எதிரில் உட்கார்ந்திருந்தவளோ ஒல்லி. புடவையை நிறையக் கொசுவி, இடுப்பில் ஒரு மடிப்பு மடித்துச் செருகியிருந்தாள். அம்மா வாயைப் பிளந்தாள். அண்ணன் என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினான். அந்த அம்மாளின் கணவர், "ஷி இஸ் பர்ஃபெக்ட்லி ஆல்ரைட்" என்று மூன்று நான்கு தடவை சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

அவள் குளியலறைக் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நான் கவனித்தேன். ஃபேனுக்கு நேராக நல்ல நாற்காலி காலியாக இருந்தும் அங்கே உட்காரவில்லை. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்து அரை டம்ளர் மோர் குடித்தாள். சற்று நேரத்தில் மறுபடியும் போனாள். அவள் வெளியே வரும்போது நான் கை கழுவுகிற சாக்கில் அங்கே போய் நின்றேன். கேட்கத்தான் போனேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவளே குழாயை நன்றாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தில் வெளியே பேசுகிறவர்களுக்குக் கேட்காது.

"ஆபரேஷன் பண்ணிக்கப் போறது நீங்கதானே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா."

"உங்களுக்கு ஆசையா?"

அதுவரை அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. நான் விழித்த விழிப்பைப் பார்த்து அவளுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதேங்கோ. எது சாப்ட்டாலும் தங்கறதில்லை. பகல்னு இல்லை, ராத்திரின்னு இல்லை, ஓடிண்டே இருக்கேன். தலைமுடி கொத்துக் கொத்தா கொட்றது. கால்ல பலமே இல்லை. கோயிலுக்குப் போனா பிரதட்சணம் முடிக்கறதுக்குள்ள ஆத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கு, அதனால போறதையே விட்டுட்டேன். நன்னா இருக்கேன்னு சொல்லுன்னு அவர் கூட்டிண்டு வந்திருக்கார்." குழாயை மூடப் போனவள் நிறுத்தி, "எளைச்சது வாஸ்தவம்தான்" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் அதே நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் கேட்டதற்கெல்லாம் சிரித்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மனுஷியை ஓர் இடத்தில் நிம்மதியாக உட்கார முடியாமல் ஆக்கிவிட்டு, ஒல்லியாகிவிட்டாள் என்று ஊருக்குக் காட்டுகிறார்களே! அவளுக்கு என்ன செய்கிறது என்று அந்தக் கணவருக்குத் தெரியாதா? ராத்திரியெல்லாம் எழுந்து ஓடுகிறவள் பக்கத்தில்தானே படுத்திருக்கிறார்? டாக்டருக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும். அன்றைக்கே முகத்துக்கு நேராகக் கேட்டிருப்பேன். அவளைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். யார் சொன்னார்கள் என்பதை மட்டும், வெளியே விடக் கூடாது என்று மூன்று பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னேன். அம்மா கொஞ்சம் பயந்தாள். பயந்ததன் பலன் என்ன தெரியுமா? "நான் அப்பவே சொன்னேம்லா, இரைப்பைதான் நல்லதுன்னு" என்றாள். எனக்கு அங்கேயே முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒருத்தியின் உயிர்ப்பிரச்சினையைக் கேட்டதும் அம்மாவுக்குத் தன் கட்சி ஜெயித்துவிட்ட சந்தோஷம்! அண்ணன் விடவில்லை. ஏதோ ஒருத்திக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எல்லாருக்குமா ஒத்துக்கொள்ளாது, இரைப்பை ஆபரேஷனில் என்னென்ன வருமோ, அதைச் செய்துகொண்டவர்களையும் பார்த்தோமா என்று கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை ஒரு படி மேலே கொண்டுபோனால் இரண்டும் வேண்டாம் என்றல்லவா வரும்? அங்கே மட்டும் ஒருவரும் வரவில்லை.

சண்டை முற்றியதும் அப்பா செய்தித்தாளை மடித்தார். "சாமிகிட்ட கேட்டுருவோம்" என்றார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். முடிவெடுக்க முடியாத காரியம் என்றால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப்பூ, இன்னொன்றில் சிவப்புப்பூ. இரண்டையும் ஒன்றுபோல் மடித்துச் சாமி பாதத்தில் வைத்து, கும்பிட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வது. வருவது சாமியின் வாக்கு. எங்கள் கடைக்கு இடம் பார்த்ததுகூட இப்படித்தான். எனக்கும் இதில் நம்பிக்கை உண்டு, இன்றைக்கும் உண்டு.

வெள்ளிக்கிழமை காலை மாம்பலத்தில் ஒரு சின்ன அம்மன் கோயிலுக்கு நான்கு பேரும் போனோம். எனக்கு அன்று பகல் டியூட்டி, அப்படியே எக்ஸ்சேஞ்சுக்குப் போய்விடலாம் என்று கைப்பையுடன் கிளம்பியிருந்தேன். கோயில் வாசலில் பூக்காரியிடம் அம்மா ஒரு முழம் மல்லிகையும் ஒரு சிவப்பு ரோஜாவும் கேட்டாள். அவளுக்குத் தெரியாதா என்ன?

"பூக்கட்டிப் பாக்கப் போறீங்களாம்மா? இன்னா விசயம், கல்யாணமா, வூடு வாங்கப் போறீங்களா?"

"வீட்டு விஷயம்" என்றாள் அம்மா. என் வயிற்றைப் பற்றி வாசலில் சொல்ல வெட்கம். சாமியிடம் சொல்ல வெட்கமில்லை.

அப்பா கடைக் காகிதத்தைக் கிழித்துப் பொட்டலம் கட்டினார். வெள்ளை என்றால் குடல், சிவப்பு என்றால் இரைப்பை என்று எங்களிடம் மெல்லச் சொல்லிவிட்டுத் தட்டில் வைத்தார். பூசாரி தட்டை வாங்கி, அம்மன் பாதத்தில் வைத்துக் கற்பூரம் காட்டி, திரும்பக் கொண்டுவந்து எங்கள் எதிரில் படியில் வைத்தார். வழக்கமாகக் கேட்கிறதைத்தான் கேட்டார்.

"வெள்ளை வந்தா செய்யலாம், செவப்பு வந்தா வேணாம். அப்படித்தானே சார்?"

"இல்ல. ரெண்டும் செய்யுததுதான். எப்படிச் செய்யுததுன்னுதான் கேக்கோம்" என்றார் அப்பா.

பூசாரிக்கு விளங்கவில்லை. "அப்போ வேணாம்ன்றதுக்கு எந்தப் பூ கட்டிருக்கீங்க?"

அம்மா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன், "நீங்க எடுங்க சாமி, நேரமாவுது" என்றான். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். கடையில் வாடிக்கையாளர் தயங்கும்போது வருகிற குரல். பச்சையா, அரக்கா? அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று எல்லாம் விளங்கியது. காலம்காலமாக எங்கள் ஊரில் பூக்கட்டுகிறபோது ஒரு பொட்டலம் வேண்டாம் என்பதற்குத்தான். கடைக்கு இடம் பார்த்தபோதும் அப்படித்தான் கட்டினார்கள். என் வயிறு என்று வந்தபோது அந்தப் பொட்டலத்தை எடுத்துவிட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது என்று என்னைக் கேட்காமல் விட்டார்கள், சரி. அம்மனையுமா?

பூசாரியின் கை தட்டுக்குப் போவதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

"ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்த ஆபரேஷனே வேண்டாம்னு அம்மன் நெனைச்சா எப்படிச் சொல்லும்? வாயத் தெறந்து பேசவா செய்யும்? அதுக்கு ஒரு பூ வைக்கத் தோணுச்சா உங்கள்ல ஒருத்தருக்காவது?"

"சாமி சந்நிதியில வச்சு இப்படியா கத்துவ?" என்று அண்ணன் பல்லைக் கடித்தான்.

"சந்நிதியில வச்சு இப்படி ஏமாத்தலாமா? இது உன் கடைக் கவுண்டர் இல்ல அண்ணே! குடலா இரைப்பையான்னு சாமிகிட்டயே யாவாரம் பண்ணுதியே. எனக்கு வேணுமான்னு நீ கேட்டியா? அம்மா கேட்டாளா? அப்பா, நீங்க கேட்டீங்களா? யாரோ ஒரு பொம்பளை, குழாயத் தெறந்துவிட்டுட்டு, பயந்து பயந்து கேட்டா. அவளுக்கு என்மேல இருக்க அக்கறை உங்களுக்கு இல்லியே!"

கோயிலில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா "ஏட்டி, மெல்லப் பேசு" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பேசினேன், அதனால் குரல் உடைந்து இன்னும் பலமாக வந்தது. "எனக்கு வேண்டாம். வெள்ளையும் வேண்டாம், செவப்பும் வேண்டாம். மதுரைக்காரங்களும் வேண்டாம்."

தட்டிலிருந்த இரண்டு பொட்டலங்களையும் நானே எடுத்தேன். பூசாரி தடுக்கவில்லை. காகிதத்தைப் பிரித்தேன். ஒன்றில் மல்லிகைத் துண்டு, ஒன்றில் ரோஜா. எது எதில் இருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. இரண்டையும் சேர்த்துத் தலையில் வைத்துக்கொண்டேன். சாமி பாதத்தில் இருந்த பூதானே.

அண்ணன் விருட்டென்று வெளியே போய்விட்டான். அப்பா காலியான தட்டை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தார். அவரிடம், "ஒரு அர்ச்சனை மட்டும் பண்ணிருங்க. எம்பொண்ணு பேருக்கு" என்று என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். நான் அர்ச்சனை முடியும்வரை நின்று, திருநீறு வாங்கிக்கொண்டு டியூட்டிக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்து லைன் எல்லாம் ஒரே இரைச்சல். தொண்டை கட்டிப்போய், "நம்பர் ப்ளீஸ்" என்பது எனக்கே வேறு யாரோ சொல்வதுபோல் இருந்தது.

அண்ணன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மதுரை இடம் வேறு பெண் பார்த்துக்கொண்டது. எனக்குக் கல்யாணம் பின்னால் நடந்தது. அது தனிக்கதை, அதற்கும் என் எடைக்கும் சம்பந்தமில்லை. அந்தக் குடல் ஆபரேஷனை டாக்டர்களே பிற்பாடு கைவிட்டுவிட்டார்கள் என்று பல வருஷம் கழித்துப் பத்திரிகையில் படித்தேன். உடம்பைப் பலவிதத்தில் கெடுத்துவிடுகிறதாம். படித்துவிட்டுச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. மயிலாப்பூர் அம்மாளின் நினைவுதான் வந்தது.

நான் ஆபரேஷனுக்கே விரோதி என்று நினைத்துவிட வேண்டாம். போன வருஷம் அண்ணனின் மகள் என் வீட்டுக்கு வந்தாள். சர்க்கரை, மூட்டு வலி, ராத்திரி தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற தொந்தரவு. இப்போதெல்லாம் வேறு வேறு முறைகள் வந்துவிட்டன. இரண்டு ஆஸ்பத்திரிகளில் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள், எதைச் செய்துகொள்வது என்று தெரியாமல் குழம்பிப்போயிருந்தாள். "எது நல்லது அத்தை?" என்றாள். எனக்கு அதெல்லாம் தெரியாது, டாக்டர்களிடம் நன்மை தீமை இரண்டையும் குடைந்து குடைந்து கேள் என்றேன். நான் கேட்டது ஒன்றுதான். "உனக்கு வேணுமா?" அவள் யோசித்தாள். அவசரப்படுத்தாமல் காத்திருந்தேன். "எனக்குத்தான் அத்தை வேணும். எம்புள்ளையோட ஓடியாடணும்" என்றாள். அப்படியென்றால் சரி என்றேன். ஆபரேஷன் அன்று வெளியே உட்கார்ந்திருந்தது நானும் அவள் அப்பாவும்தான். அண்ணனுக்கு இப்போது கை நடுங்குகிறது. பழைய கதையை இருவரும் பேசவில்லை. காப்பி வாங்கக் கிளம்பியவன், சர்க்கரை போட்டதா, போடாததா என்று கேட்க வாயெடுத்துவிட்டு, நிறுத்தி, "காப்பி வேணுமா?" என்று கேட்டான்.

மயிலாப்பூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் பல வருஷம் அந்த அம்மாளைத் தேடியிருக்கிறேன். மாட வீதிகளில் ஒல்லியாக யாராவது எதிரே வந்தால் முகத்தைப் பார்ப்பேன். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். தன் வீட்டார் எதிரில் வாய் திறக்க முடியாதவள், முன்பின் தெரியாத எனக்காகக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாளே, அவளால் நான் பிழைத்தேன். "உங்களுக்கு ஆசையா" என்று அவளை மட்டும் காலத்தில் ஒருவரும் கேட்கவில்லையே என்ற கோபம் எனக்கு இந்த வயதிலும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.